மாரிச்செல்விக்குப் பின்னால் ஒரு கம்பம்

செவல்விளையில் ஒருவரைப் படம் பிடித்தால் அவருக்குப் பின்னால் இருப்பது இரண்டில் ஒன்றைச் செய்யும். கரைந்துபோகும். இல்லையென்றால் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும்.

ஆளின் முகம் பின்னால் உள்ளதை விட்டு நன்றாகப் பிரிந்து விழுந்தால் பின்னால் உள்ளது கரையும். அரைகுறையாகப் பிரிந்தால் ஒட்டும். கரைந்ததைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஈரத்துண்டால் அழுத்தித் துடைத்தால் பழையபடி வந்துவிடும். சொந்தக்காரர்தான் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். எது எங்கே முடிகிறது என்பது சொந்தக்காரருக்குத்தானே தெரியும். சுப்பையா வீட்டுக் கிணற்றை அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் துடைக்கப்போய், கிணறு இன்றைக்கும் பக்கத்து வீட்டு வேலிக்குள்தான் இருக்கிறது.

ஒட்டிக்கொண்டு வந்ததற்குத் துண்டு உதவாது. இன்னொரு படம் எடுத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மாரிச்செல்விக்குப் பின்னால் தை மாதத்திலிருந்து ஒரு கரண்டுக் கம்பம் நிற்கிறது.

அது வந்ததில் புதுமை ஒன்றும் இல்லை. செவல்விளைக்காரர்கள் படத்துக்கு நிற்கும்போது தங்களுக்குச் சொந்தமான எதையாவது தொட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். பைக், வீட்டுக் கதவு, பசுமாடு, தம்பியின் தோள். வெறுங்கையோடு நிற்பது வழக்கமில்லை. பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர் மாரிச்செல்வியைத் தெருவில் வைத்து எடுத்தபோது அவளுக்குத் தொட ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குக் கரண்டு வருகிற கம்பம்தானே என்று அதில் கையை வைத்தாள். அவரிடம் இருந்ததோ சின்ன லென்ஸ். படம் முடிந்து அவள் வீட்டுக்குத் திரும்ப, கம்பமும் திரும்பியது.

நல்ல கம்பம்தான். அவள் நடந்தால் ஒரு முழம் பின்னால் நடக்கும். அவள் உட்கார்ந்தால் நிற்கும். அடுப்படிக்குள் போனால் வெளியே சன்னலுக்கு நேராகக் காத்திருக்கும். லைன்மேன் வந்து பார்த்து, கம்பியைத் தாராளமாக விட்டுக் கட்டிவிட்டுப் போனார். மாரிச்செல்வி தெருவுக்குள் இருக்கிறவரை தெருவில் கரண்டு இருக்கும். அவள் தெருவைத் தாண்டினால் கம்பி இழுத்துக்கொண்டு எல்லா வீட்டிலும் மின்விசிறி நின்றுபோகும். அதனால் காலையில் பெண்கள் வாசலுக்கு வந்து, "மாரி, எங்கயும் போறியாட்டி? நான் மாவாட்டப் போறேன்" என்று கேட்டுக்கொண்டுதான் கிரைண்டரைப் போடுவார்கள்.

அந்தக் கம்பத்தால் ஒரு சம்பந்தம் தவறிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு மாரிச்செல்வி காபி கொடுத்தபோது கம்பமும் நிலைப்படியில் தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளையின் அம்மா அதை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வீட்டு வாசல் சின்னது" என்றாள். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது இரண்டாவது சம்பந்தம். கூடல்விளை. செம்மணல் தேரிக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். மாப்பிள்ளை பெயர் சுயம்புலிங்கம். ஒரு கல்யாணப் பந்தியில் மாரிச்செல்விக்கு ரசம் ஊற்றியவன். ஊற்றிவிட்டு, பின்னால் நின்ற கம்பத்தை ஒரு பார்வை பார்த்து, "அவியளுக்கும் ஒரு இலை போடட்டுமா?" என்று கேட்டவன். அன்றிலிருந்து மாரிச்செல்வி ரசம் வைத்தால் தனியாகச் சிரிப்பாள். மாப்பிள்ளைக்குக் கம்பம் ஒரு பொருட்டில்லை. ஆனால் அவன் அம்மாவுக்குக் கம்பம் ஆகாது என்று தரகர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கம்பத்தோடு போனால் தெருவும் இருண்டுவிடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூ வைக்க வருகிறார்கள். அதற்குள் கம்பம் பிரிந்தாக வேண்டும்.

பிரிக்க வேண்டியவள் பொன்செல்வி. மாரிச்செல்வியின் அண்ணன் மனைவி. அண்ணன் லோடு வண்டியோடு வெளியூரில் இருந்தான்.

பொன்செல்வியிடம் ஒரு கேமரா இருந்தது. அதோடு வந்த குட்டி லென்ஸை வைத்துக்கொண்டு அவள் காதுகுத்துப் படங்கள் எடுத்துவந்தாள். அந்த லென்ஸில் எல்லாமே ஒட்டும். தாய்மாமன் மடியில் இருக்கும் பிள்ளையை எடுத்தால் தாய்மாமனும் பிள்ளையோடு வீடுவரை ஒட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் நகர்வார். அது எப்படியும் நடப்பதுதான் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் கரண்டுக் கம்பத்தைப் பிரிக்க அந்த லென்ஸ் காணாது. தூரத்தை இழுக்கும் நீள லென்ஸ் வேண்டும்.

நீள லென்ஸ் செவ்வாய்க்கிழமைச் சந்தையில்தான் வரும்.

அன்று விடிந்ததிலிருந்தே பொன்செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. சொந்தமாக ஒரு நீள லென்ஸ் என்பது அவள் வளைகாப்பு நாளிலிருந்து மனதில் வைத்திருந்த ஆசை. மாவு கரைத்தாள், தோசையைச் சுட மறந்தாள். பிள்ளைக்குச் சட்டையைத் தலைகீழாகப் போட்டாள். எட்டு மாதத்துப் பிள்ளை ஆதிரனும் அம்மாவின் பரபரப்பு தொற்றிக்கொண்டு அவள் இடுப்பில் குதித்துக்கொண்டே சந்தைக்கு வந்தான்.

தாவீது அண்ணாச்சியின் வேன் கருவாட்டுக் கடைக்கும் தக்காளிக் கடைக்கும் நடுவில் நின்றது. லென்ஸ்களைப் புடலங்காய் மாதிரி வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பொன்செல்வி ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவர் இரண்டைக் கழற்றி எடுத்தார்.

"கம்பத்துக்குத்தான தாயி? ஊரே பேசுது. இந்த ரெண்டுல ஒண்ணுதான் உனக்கு."

ஒன்று உலக்கைத் துண்டு மாதிரி கனத்து, வாயகன்று இருந்தது. இன்னொன்று ஒல்லியாக, நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. பொன்செல்வி அங்கேயே பெரியவன், சின்னவன் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ரெண்டும் எட்டுற தூரம் ஒண்ணுதான்" என்றார் அண்ணாச்சி. "தூரத்துல உள்ளத ரெண்டும் ஒரே மாதிரிதான் இழுக்கும். பெரியவன் கண்ணை நல்லாத் தொறப்பான். நம்பர் ரெண்டு புள்ளி எட்டு, நம்பர் குறைஞ்சா தொறப்பு கூடும். பின்னால என்ன இருந்தாலும் கரைச்சிப்புடுவான். சின்னவன் நாலு. பெரியவன் குடிக்கிற வெளிச்சத்துல பாதிதான் குடிப்பான். பொழுது சாஞ்சா கொஞ்சம் தடுமாறுவான். ஆனா கையில இருக்குததே தெரியாது."

பொன்செல்வி தக்காளிக்காரியின் தராசை வாங்கி இரண்டையும் வைத்துப் பார்த்தாள். சின்னவனோடு அரைக் கிலோவுக்கு மேல் தக்காளியும் சேர்ந்த பிறகுதான் தட்டு சமமாக நின்றது. பெரியவனைக் கையில் ஏந்தினாள். ஆதிரன் பிறந்தபோது இருந்த எடையில் பாதி இருந்தான். கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.

"ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்கட்டுமா அண்ணாச்சி?"

"பாரு. வேன் கிளம்புததுக்குள்ள ஒண்ணைக் கொண்டாந்திரு. ஆனா ஒரு ஆளு முகத்தைப் பாத்த லென்ஸை நான் திரும்ப வாங்க மாட்டேன். முகத்தைப் பாத்துட்டா அது அந்த வீட்டை விட்டு வராது. வேன்ல ஏறி உக்காந்து அழும்."

"அது தெரியும்" என்றாள் பொன்செல்வி. ஆதிரனின் முகம் படாமல் இரண்டுக்கும் மூடியைப் போட்டு, ஒரு பூசணிக்காயையும் வாங்கிக்கொண்டாள். பூசணிக்காய்க்கு முகம் கிடையாது.

வீட்டு முற்றத்தில் ஆட்டுரல் மேல் பூசணிக்காயை ஏற்றி வைத்தாள். அதற்குப் பின்னால் கோழிக் கூண்டும், மாமனாரின் சைக்கிளும், பாயில் காய்ந்த வடகமும் இருந்தன. பிள்ளையை இறக்கிவிட்டால் வீறிட்டு அழுதான். இடுப்பிலேயே வைத்துக்கொண்டு பெரியவனை மாட்டிக் கண்ணில் வைத்தாள்.

பூசணிக்காய்க்கு இவ்வளவு அழகு உண்டு என்று அவள் நினைத்ததே இல்லை. சாம்பல் பூத்த தோலில் ஒவ்வொரு பொடியும் தனித்தனியாகத் தெரிந்தது. காம்பில் ஒரு சின்ன முடி நின்றது. அதுவரை குழம்புக்குள் மட்டுமே அவள் பார்த்திருந்த காய், முழு நிலா மாதிரி உலகத்தை விட்டு எழுந்து நின்றது. பொன்செல்வி பொத்தானை அழுத்தினாள்.

பின்னால் எல்லாம் கரைந்தது. கோழிகள் தங்களைத் தாங்களே உதறிக்கொண்டு வெளியே வந்தன. மாமா தோளில் கிடந்த துண்டை நனைத்துச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். பெடல் எந்தப் பக்கம் என்பதில் மட்டும் சற்று நின்று யோசித்தார். மாமியார் தங்கபுஷ்பம் பாய் இருந்த இடத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏட்டி பொன்னு. பூசணிக்காய்க்கு நீ பொட்டு வச்சுப் பூ முடிச்சுக்கோ. என் வடகம் எங்கட்டி?"

"துடைச்சா வந்துரும் அத்தை."

"வரும். ஒவ்வொண்ணா வரும். நான் விடியிற வரைக்கும் உக்காந்து துடைக்கேன், நீ மாப்பிள்ளை வீட்டுக்குக் காபி போடு."

சொன்னாளே தவிர, முந்தானையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து துடைத்தாள். வடகத்தைப் பிழிந்த கை என்பதால் ஒவ்வொன்றின் சுழியும் அவளுக்கு நினைவிருந்தது.

பொன்செல்விக்கு ஆசை அடங்கவில்லை. இன்னொரு படம் எடுக்கப் பெரியவனை மறுபடி தூக்கினாள். இதற்குள் கை சோர்ந்திருந்தது. ஒரு பக்கம் லென்ஸ் இழுத்தது, மறுபக்கம் ஆதிரன் அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான். பொத்தானை அழுத்துகிற நேரம் கை ஆடிவிட்டது. ஆட்டுரல் மேல் இரண்டு பூசணிக்காய்கள் இருந்தன.

தங்கபுஷ்பம் ஒன்றைச் சாம்பாருக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

பொன்செல்வி பெரியவனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். கம்பத்தைக் கரைப்பது பெரிய காரியமில்லை. கரைந்த கம்பத்தை யார் துடைப்பது? அது மின்வாரியத்தின் கம்பம். அதன் ஓரம் எதுவென்று தெரிந்தவர் எவர் என்று எந்த ஆபீசில் போய்க் கேட்பது? அப்படியே ஒருவர் வந்தாலும், கரண்டு ஓடுகிற கம்பத்தை ஈரத்துண்டால் துடை என்று சொல்ல முடியுமா? துடைக்காமல் விட்டால் தெருவே இருண்டுபோகும். இதெல்லாம் போக, கை ஆடிவிட்டால் மாரிச்செல்வி இரண்டாகிவிடுவாள். இரண்டு மாரிச்செல்வியை நிறுத்திக்கொண்டு ஒரு சுயம்புலிங்கத்துக்கு என்ன பதில் சொல்வது?

சின்னவனை மாட்டினாள். மாட்டியதே தெரியவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு கையால் தூக்க முடிந்தது. அவள் கை ஆடினாலும் சின்னவன் உள்ளுக்குள் அசைந்து கொடுத்துச் சமாளித்துக்கொண்டான். மீதிப் பூசணிக்காயை வாசல் கேட்டில் சாய்த்து வைத்து எடுத்தாள். தெளிவாகத்தான் விழுந்தது. ஆனால் காயைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனால், பின்னாலேயே கிறீச் கிறீச் என்று வாசல் கேட்டும் வந்து நின்றது.

"கேட்டை எதுக்குட்டி அடுப்படிக்குக் கொண்டாந்த?" என்றாள் தங்கபுஷ்பம். "பாத்திரம் எடுக்க வழியில்ல."

"பூசணிக்காயோட வந்துட்டு அத்தை."

தங்கபுஷ்பம் அந்தக் காயையும் வாங்கி அரிந்து சாம்பாரில் போட்டாள். ஒட்டிக்கொள்ளக் காய் இல்லை என்றதும் கேட் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டது. மாரிச்செல்விக்கு அந்த வழி ஒத்துவராது.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. வெயில் இறங்க ஆரம்பித்தது. சந்தையில் பாதிக் கடைகளைக் கட்டிவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். பொன்செல்வி இரண்டு லென்ஸையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவன் பிரிப்பான், ஆனால் கரைப்பான். சின்னவன் கரைக்க மாட்டான், ஆனால் பிரிக்கவும் மாட்டான். அவளுக்கு எரிச்சல் வரவில்லை. ஜவுளிக்கடையில் இரண்டு சேலைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போல ஒரு துடிப்புதான் இருந்தது. இரண்டும் கூடாது, இரண்டும் வேண்டும்.

மாரிச்செல்வி பச்சைப் பட்டு உடுத்துத் தலை நிறையப் பூவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பம் பின்னால் நின்றது.

"என்ன மயினி, முடிவு பண்ணிட்டியளா?"

"கொஞ்சம் பொறுட்டி. அந்த வாசல் கேட்டு ஏன் ஒட்டிச்சுன்னு பாக்கேன். காயை கேட்டு மேலயே சாச்சு வச்சிட்டேன். அதான். காய் முன்னால வந்து, கேட்டு தூரத்துல நின்னு, நானும் நல்லாப் பின்னால போயி, சின்னவனை முழு நீளத்துக்கும் நீட்டி எடுத்திருந்தா ஒட்டியிருக்காது. கரைஞ்சும் இருக்காது. லேசா மங்கி அங்கனயே நின்னிருக்கும்."

"அப்போ நானும் முன்னால வாரேன்" என்று மாரிச்செல்வி எழுந்து பத்தடி நடந்தாள். கம்பமும் நடந்தது. அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். கம்பம் ஒரு முழத்தில் நின்றது. அவள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தாள். கம்பமும் ஓடியது. எதிர் வீட்டு மிக்ஸி நின்று நின்று ஓடியது.

"மாரி, சும்மா நில்லுட்டி. சட்னி அரைக்கேன்" என்று ஒரு குரல் வந்தது.

மாரிச்செல்வி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அவிய வந்துருவாவ மயினி. இது என்னைய விட்டுப் போகாது. ரெண்டு பஸ்ஸுல இதையும் ஏத்திக்கிட்டு நான் எப்படிப் போவேன்?"

ஆதிரன் அவளைப் பார்த்ததும் கையை நீட்டினான். அவள் அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் மாரிச்செல்வியின் தோளில்தான் தூங்குவான். வேறு யார் போட்டாலும் தூங்க மாட்டான். இப்போதும் கண்ணைச் சொருகினான்.

பொன்செல்வி அதையே பார்த்தாள். பிள்ளையின் ஒரு காது மாரிச்செல்வியின் கழுத்தில் இருந்தது. இன்னொரு காது கம்பத்துக்கு நேராக இருந்தது. கம்பம் ங்ங்ம்ம் என்று, கம்பங்கள் எப்போதும் முனகுகிற மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

"ஏட்டி மாரி. இவன் உன் தோளுக்காகத் தூங்கலட்டி. அந்தச் சத்தத்துக்குத் தூங்குதான்."

"அப்போ என் தோளு ஒண்ணுமில்லையா மயினி?" என்றாள் மாரிச்செல்வி. அந்த நேரத்திலும் அவளுக்கு அது முக்கியமாக இருந்தது.

பொன்செல்வி எழுந்து உள்ளே ஓடினாள். ஒட்டிக்கொண்டு விடாத ஒன்றை விலக்குவது எட்டு மாதமாகத் தினமும் அவள் செய்துவருகிற வேலைதானே. குளிக்கப் போக வேண்டும் என்றால் பிள்ளையைத் திட்டுவதில்லை, தள்ளுவதில்லை. கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு நழுவ வேண்டும்.

தொட்டில் சேலையோடு வந்தாள். நன்றாகக் காய்ந்த நூல் சேலை. கம்பத்தின் முன்னால் நின்று, "கொஞ்சம் குனி" என்றாள். கம்பம் சாய்ந்து கொடுத்தது. நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கையில் சேலையைப் போட்டு முடிந்தாள். பிள்ளைக்கு இரட்டை மடிப்பாகத் துணி கட்டினாள். நனைத்துவிட்டால் கரண்டுக்கு ஆகாது. ஆதிரனை மெல்ல வாங்கித் தொட்டிலில் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினாள். கம்பம் முனகியது. பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனான்.

"இப்போ நட" என்றாள் பொன்செல்வி, காற்றுக் குரலில்.

மாரிச்செல்வி ஓரடி வைத்தாள். கம்பம் அசையப் பார்த்தது. தொட்டில் லேசாக ஆடியது. பிள்ளை உதட்டைப் பிதுக்கினான். கம்பம் அப்படியே நின்றுவிட்டது. தூங்குகிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு யார்தான் அசைவார்கள்?

மாரிச்செல்வி பத்தடி நடந்தாள். பிறகு இருபது. தெருவின் பாதிவரை நடந்தாள். கம்பம் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

இப்போது பொன்செல்வியின் இடுப்பு காலி. இரண்டு கையும் காலி. ஆட்டுரலில் முட்டுக் கொடுத்தால் பெரியவனைக்கூட ஆடாமல் பிடிக்கலாம். அவள் கை தானாகப் பெரியவனிடம் போனது. அந்த வாயகன்ற கண்ணில் மாரிச்செல்வியின் முகம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பூசணிக்காயையே நிலாவாக ஆக்கியவன். வெயிலும் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த வெளிச்சத்தில் சின்னவன் தடுமாறலாம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

ஆனால் மாரிச்செல்விக்குப் பின்னால் இருப்பது இப்போது கம்பம் மட்டும் இல்லை.

ஆதிரன் கரைந்தால் அவளே துடைத்துவிடுவாள். அவன் காது மடல் எங்கே மடங்குகிறது, முழங்காலில் எத்தனை மடிப்பு என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டும் தெரியும். ஆனால் கம்பமும் பிள்ளையும் சேர்ந்து கரைந்தால், எங்கே கம்பம் முடிந்து எங்கே பிள்ளை ஆரம்பிக்கிறான் என்பதை லைன்மேனும் அவளும் பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

பெரியவனுக்கு மூடியைப் போட்டாள். மாமாவைக் கூப்பிட்டு, "இதை அண்ணாச்சிட்ட கொடுத்திருங்க மாமா. கழுத்துக்குக் கை கொடுத்துத் தூக்குங்க" என்றாள். சைக்கிள் கேரியரில் பெரியவனை உட்கார வைத்து மாமா கிளம்பினார். இன்னும் பெடல் ஒரு பக்கம் சற்று மங்கலாகத்தான் இருந்தது.

பொன்செல்வி சின்னவனோடு பின்னால் நடந்தாள். தெருவின் கடைசி வரை போய், அதையும் தாண்டி எருக்குழி மேட்டில் ஏறி நின்றாள். சின்னவனை முழு நீளத்துக்கும் நீட்டினாள்.

"கையில என்னத்தப் பிடிச்சிருக்கா?" என்று வாசலிலிருந்து தங்கபுஷ்பம் கேட்டாள். "ஒண்ணையும் தொடாம நின்னா, ஒண்ணுமில்லாத வீட்டுப் பிள்ளைன்னு நெனைப்பாவ. கதவைத் தொடச் சொல்லு. இல்லன்னா என்னையத் தொடச் சொல்லு."

"தொட்டா நீங்களும் கூடல்விளைக்குப் போகணும் அத்தை."

தங்கபுஷ்பம் ஒரு நிமிடம் யோசித்தாள். அதிலும் ஒரு வசதி இருப்பதாக அவளுக்குப் பட்டது போல இருந்தது. பிறகு வடகத்தின் நினைவு வந்து உள்ளே போய்விட்டாள்.

நடுத்தெருவில் மாரிச்செல்வி வெறுங்கையோடு நின்றாள். செவல்விளையில் அப்படி யாரும் நின்றதில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு முறை தலைப் பூவைத் தொட்டாள். ஒரு முறை சேலையைத் தொட்டாள். கடைசியில் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"அதுவும் சொந்தந்தான்" என்று பொன்செல்வி மேட்டிலிருந்து சத்தம் போட்டாள். "அப்படியே இரு. சாம்பாருக்குப் பக்கத்துல ரசமும் வச்சிருக்கேன்ட்டி."

மாரிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. பொன்செல்வி பொத்தானை அழுத்தினாள்.

சின்னவன் தடுமாறவில்லை. அந்தச் சிரிப்பு முழுசாக உள்ளே விழுந்தது. பல்வரிசையில் சற்றே ஏறியிருந்த அந்த ஒரு பல் உட்பட. கம்பம் மங்கியது. கரைந்துபோகாமல், அரைத் தூக்கத்தில் பார்க்கிற மாதிரி மங்கியது. பிறகு கம்பத்துக்கும் மாரிச்செல்விக்கும் நடுவில் ஏதோ நூல் அறுந்தது போல ஒரு சின்ன டக்.

மாரிச்செல்வி முன்னால் நடந்தாள். பின்னால் ஒன்றும் வரவில்லை. இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். தெருமுனை வரை போய் அதைத் தாண்டினாள். எந்த வீட்டிலும் மின்விசிறி நிற்கவில்லை. எதிர் வீட்டில் சட்னி விடாமல் அரைபட்டது. அவள் திரும்பி ஓடிவந்து பொன்செல்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நடுவில் மாட்டிக்கொண்ட சின்னவன் கொஞ்சம் நசுங்கினான்.

"முதுகு லேசா குளுருது மயினி."

"ரெண்டு நாள்ல பழகிரும்."

இருவரும் கம்பத்திடம் வந்தார்கள். பொன்செல்வி முந்தானை நுனியை நாக்கில் நனைத்து ஆதிரனின் மூக்கு நுனியை மட்டும் துடைத்தாள். அது கொஞ்சம் மங்கியிருந்தது. மற்றபடி பிள்ளை சரியாக இருந்தான். அவன் தூங்கட்டும் என்று கம்பம் தன் விளக்கை ஏற்றாமல் வைத்திருந்தது.

மாரிச்செல்வி தொட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கூடல்விளையில இவன் சத்தம் கேக்காது" என்றாள். "நெனைச்சா வந்து பாக்க முடியுமா? ரெண்டு பஸ்ஸு. முதல் பஸ்ஸைப் பிடிச்சா ரெண்டாவது போயிருக்கும்." அவள் அதை அழாமல்தான் சொன்னாள். பொன்செல்விதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேமராவில் படத்தைப் பார்த்தாள்.

முகம் நன்றாக இருந்தது. கை நன்றாக இருந்தது. கம்பம் தொட்டிலோடு மங்கலாக, தூரத்தில், தன் பாட்டுக்கு நின்றது. அதற்கும் பின்னால், மாரிச்செல்வியின் தோளுக்கு மேலே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. செவல்விளையில் தண்ணீர்த் தொட்டி இல்லை. பொன்செல்வி விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். தொட்டியில் நீல எழுத்தில் கூடல்விளை ஊராட்சி என்று எழுதியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்துக்கு அந்தப் பக்கத் தெருமுனையில், அதுவரை தேரி ஆரம்பித்த இடத்தில், கூடல்விளை இருந்தது. சின்னவன் தூரத்தையும் சேர்த்து இழுத்துவிட்டிருந்தான். அங்கேயும் ஒரு பெண் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தெளித்த தண்ணீரில் கொஞ்சம் செவல்விளைப் பக்கம் விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பூத்தட்டுகளோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சுயம்புலிங்கத்தின் அம்மா முன்னால் வந்தாள்.

"பஸ்ஸுக்குன்னு சீக்கிரமாக் கிளம்பித் தொலைச்சோம்" என்றாள். "பாத்தா தெரு இங்கனயே இருக்கு." அவள் மாரிச்செல்விக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. தள்ளி நின்ற கம்பத்தையும், அதில் ஆடிய தொட்டிலையும் பார்த்தாள். "கம்பத்துல தொட்டில் கட்டியிருக்கியளா? நல்ல யோசனையால்ல இருக்கு. எங்க தெருக் கம்பம்னா சும்மா நிக்காது, வாலாட்டும்."

சுயம்புலிங்கம் கம்பத்தின் அருகில் கொஞ்சம் நின்றான். தெரிந்தவரைப் பார்த்தது போலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தான்.

மாமா வெறும் கேரியரோடு சந்தையிலிருந்து திரும்பி வந்தார். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் தெளித்த பெண்ணிடம், "உங்க சுவரை ஒரு சாண் அந்தப் பக்கம் ஒதுக்கிக்கிடுங்கம்மா, எங்க மாட்டு வண்டி திரும்பணும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுப்படியில் தங்கபுஷ்பம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் வருகிறவர்கள் என்று கணக்குப் பண்ணிப் பால் வாங்கியிருந்தாள். நடந்து வருகிற தூரம் என்றதும் கூடல்விளையிலிருந்து பாதித் தெருச் சனமும் கூடவே வந்துவிட்டது.

"பால் காணாதே பொன்னு."

"எங்க வீட்டுல இப்பத்தான் கறக்குதாவ" என்றாள் சுயம்புலிங்கத்தின் அம்மா கூடத்திலிருந்து. "தொட்டிக்குப் பக்கத்து வீடு. போய் வாங்கிட்டு வாம்மா."

பொன்செல்வி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். நாத்தனாரின் மாமியார் வீட்டு வாசலைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள், தொட்டில் கட்ட வாகான உத்தரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள். அவள் திரும்பி வந்து வாளியை இறக்கியபோது பாலில் நுரை இன்னும் அடங்கவில்லை.